யாருக்கும் ஒதுக்காத ஒன்பது நிமிடம்

ஆறு பதினெட்டு. இன்னும் ஆறு நிமிடத்தில் சூரியன் போய்விடும். போகட்டும், சூரியன்மேல் நவநீதத்துக்கு ஒரு குறையும் இல்லை, அது போன பிறகு வருகிற நேரம்தான் அவளுக்குப் பிரச்சினை. கேட்டுவிடலாம். வாயைத் திறந்து சார் என்று ஆரம்பித்துவிட்டால் மீதி தானாக வந்துவிடும். சார், ஒரு ஒன்பது நிமிஷம். இதில் என்ன இருக்கிறது, மனிதன் மனிதனிடம் தீப்பெட்டி கேட்பதில்லையா, பஸ்ஸில் கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொல்வதில்லையா. பத்தொன்பது வருடமாக இந்த மலைமேல், இந்தக் கட்டுப்பாட்டு அறையில், இதே நாற்காலியில் உட்கார்ந்து, வந்தவர்கள் காட்டிய பக்கமெல்லாம் தொலைநோக்கியைத் திருப்பியிருக்கிறாள். வடக்கே என்றால் வடக்கே, இன்னும் கொஞ்சம் என்றால் இன்னும் கொஞ்சம். இத்தனை வருடத்தில் ஒரு நிமிடம் யாரிடமும் கேட்டதில்லை. அந்தப் பெருமைதான் இப்போது நாக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. பின்னால் டாக்டர் அருமைநாயகம் ஃபிளாஸ்கைத் திறக்கும் சத்தம். பெங்களூரிலிருந்து வந்திருக்கிறார், ஊர் நாகர்கோவில் பக்கம், மூன்று இரவு ஒதுக்கியிருக்கிறார்கள் அவருக்கு, இரண்டு இரவை மேகம் தின்றுவிட்டது, இது மூன்றாவது. எட்டு மாதம் காத்திருந்து வாங்கிய இரவு. “நவநீதம், சீக்கிரமே ஃப்ளாட் எடுத்துருவோம்மா. இன்னைக்காவது ஒண்ணு ஒழுங்கா நடக்கட்டும்.” சரி சார் என்றாள். சரி சார் மட்டும் எப்படி இத்தனை சுலபமாக வருகிறது என்று தன்மேலேயே அவளுக்கு எரிச்சலாக வந்தது.

ஃப்ளாட் என்றால் வேறொன்றும் இல்லை, அந்தி வானத்தின் வெறும் படம், நட்சத்திரம் இல்லாத வெளிச்சம் மட்டும். கேமராவில் எந்த மூலையில் தூசி, எங்கே மங்கல் என்று அந்த வெற்றுப் படத்தில் தெரியும், இரவு முழுக்க எடுக்கும் படங்களிலிருந்து அந்த அழுக்கைக் கழித்துவிடலாம். அது இல்லாமல் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு ஒருவரும் ஒன்றும் சொல்ல முடியாது. அதற்கு வானம் ஒரு பதமாக இருக்க வேண்டும். ரொம்ப வெளிச்சமானாலும் ஆகாது, இருட்டிவிட்டாலும் ஆகாது, பாகுப் பதம்மாதிரி பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான் நிற்கும். அந்தப் பத்து நிமிடம் அன்றைய இரவு யாருடையதோ அவருக்குச் சொந்தம். எந்தக் காகிதத்திலும் எழுதவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். பதம் தப்பிய பிறகு, முழு இருட்டு விழுவதற்குள், ஒரு அரை மணி நேரம் யாருக்கும் உதவாமல் கிடக்கும். ஃப்ளாட்டுக்கு இருட்டு அதிகம், அவர்களுடைய மங்கலான அண்டங்களுக்கு வெளிச்சம் அதிகம். எல்லாரும் அந்த நேரத்தில் போண்டா சாப்பிடப் போய்விடுவார்கள். அந்த அரை மணிதான் நவநீதத்தின் ராஜ்ஜியம். வீணாகப் போகிற நேரம்தானே, எடுத்துக்கொள் என்று பழைய இயக்குநர் ஒருநாள் சொல்லிவிட்டுப் போனார், அவர் ஓய்வுபெற்ற பிறகும் அந்த வார்த்தை ஓய்வுபெறவில்லை. நாலு வருடத்தில் நானூற்றுப் பன்னிரண்டு அந்தி. அத்தனையிலும் ஒரே நட்சத்திரம், ரேவதிக்கும் அசுவினிக்கும் நடுவில் சிவனே என்று இருக்கிற ஒன்று, பெயர்கூடக் கிடையாது, பட்டியலில் ஒரு எண் மட்டும். ஆனால் நட்சத்திரத்துக்கு நம்முடைய கடிகாரம் தெரியுமா. நாளுக்கு நாலு நிமிடம் முன்னாலேயே கிளம்பிவிடும். போன வாரம் ஏழே காலுக்கு மேற்கே கரட்டுக் குன்றுக்குப் பின்னால் இறங்கியது, முந்தாநாள் ஆறு ஐம்பத்தைந்து, இன்று ஆறு நாற்பத்தேழு. ஃப்ளாட் முடியும்போது அவளுடைய நட்சத்திரமும் முடிந்திருக்கும். ராஜ்ஜியம் போய்விட்டது. இன்றைக்கு அவள் நட்சத்திரம் வேண்டுமென்றால் அவருடைய பத்து நிமிடத்துக்குள் கையை விட வேண்டும்.

நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் நாளை என்று ஒன்று கிடையாது. நாளைக் காலை பெரிய கண்ணாடியைக் கழற்றி இறக்குகிறார்கள், அலுமினியப் பூச்சு, ஒரு மாதம் தொலைநோக்கி குருடு. அறிவிப்புப் பலகையில் அந்தத் தாளை ஒட்டியவளே அவள்தான். பலகையில் இருக்கிற எல்லாத் தாளையும் அவள்தான் ஒட்டுகிறாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒதுக்கீட்டுக் குழு கூடும், இருக்கிற இரவுகளைப்போல நாலு பங்குக்கு மனு வந்து குவிந்திருக்கும், நிலா இல்லாத இரவு அண்டக்காரர்களுக்கு, பௌர்ணமிப் பக்கம் பிரகாசமான நட்சத்திரக்காரர்களுக்கு, ஐப்பசி கார்த்திகை மழைக்கு. இழுபறி, சிபாரிசு, முகம் சுளிப்பு எல்லாம் முடிந்து ஒரு பட்டியல் வரும். மேகம் வந்தால் போனது போனதுதான், ஈடு கிடையாது. நவநீதமும் மூன்று தடவை மனுப் போட்டாள். மூன்று தடவையும் தன் மனு தள்ளுபடி என்று தானே தட்டச்சு செய்து தானே பலகையில் குத்தினாள், குண்டூசி விரலில் ஏறியது. தள்ளுபடிக்குக் காரணம்: இருட்டிய பிறகு இலக்கு மிகத் தாழ்வு, விண்ணப்பதாரரின் முந்தைய அறிவிப்பு பிழையானது. கீழே அ.நா. என்று சின்னதாக ஒரு கையெழுத்து. அந்த அ.நா. இதோ பின்னால் உட்கார்ந்து காபி உறிஞ்சுகிறார். நல்ல மனிதர், திட்டத் தெரியாதவர், அதுதான் இன்னும் கஷ்டம், திட்டுகிறவராக இருந்தால் மனதுக்குள்ளேயாவது ஒரு சண்டை போட்டிருக்கலாம்.

முந்தைய அறிவிப்பு. அந்த வார்த்தையிடம் வந்ததும் அவளுடைய நினைப்பு, மாடு பழக்கப்பட்ட பள்ளத்தில் இறங்குவதுபோல, தானாக இறங்கியது. ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு பொங்கல். நேரம் வாங்கியவர் பொங்கலை விட்டுவிட்டு எவன் மலை ஏறுவான் என்று வரவில்லை, நவநீதம் தனியாகக் கேமராவைச் சோதித்துக்கொண்டிருந்தாள், அப்போதுதான் பார்த்தாள், அந்த நட்சத்திரம் மங்கிக் கிடந்தது. நூற்றுக்குப் பதினெட்டு குறைவு. பதினொரு நாள் அப்படியே இருந்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல எழுந்துகொண்டது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அதைச் சுற்றி வருகிறது, நமக்கும் அதற்கும் நடுவில் வந்து பதினொரு நாள் மறைத்துக்கொண்டு நிற்கிறது. யாரிடம் சொன்னாலும் சிரித்தார்கள். அடுத்து எப்போது வரும் என்று தெரியாமல் தினமும் பார்த்தாள், சந்தேகப்பட்டாள், இரண்டு வருடம் கழித்து ஒருநாள் மங்கிவிட்டது என்று கூவியேவிட்டாள். செய்தி போயிற்று. ஆறு ஊரில் ஆறு தொலைநோக்கி, யார் யாருடைய இரவையோ நிறுத்திவிட்டு இவளுடைய நட்சத்திரத்தின் பக்கம் திரும்பின. அது மங்கவே இல்லை. ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் ஒரு துணை நட்சத்திரத்தை வைத்துக்கொள்வார்கள், தராசின் எடைக்கல்மாதிரி. இவள் வைத்திருந்த எடைக்கல்லே கனம் ஏறிவிட்டது. துணைதான் அன்றைக்குப் பிரகாசமாகியிருந்தது, அதோடு ஒப்பிட்டதால் இவளுடையது மங்கினதுபோலத் தெரிந்தது. அந்தத் துணைக்கு அன்றிலிருந்து கள்ளி என்று பெயர். கள்ளியை நம்பிப் பிறர் நேரத்தை வீணடித்தவள் என்று இவளுக்கும் ஒரு பெயர். திரும்பிய ஆறில் ஒன்று இதே தொலைநோக்கி. அன்றைய இரவு யாருடையது? அருமைநாயகத்துடையது. இரண்டு மணி நேரம். அவர் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போய் நின்றார்.

அந்த மனிதரிடம் போய் எப்படிக் கேட்பது. கேட்காமல் எப்படி இருப்பது. அதற்குப் பிறகுதானே நிலவறையில் பழைய காலத்து வானப் படங்கள் பதிந்த கண்ணாடித் தட்டுகளை ஒவ்வொன்றாக ஒளியில் பிடித்துப் பார்த்து, தும்மித் தும்மி, ஒரு தட்டில் அதே மங்கலைக் கண்டுபிடித்தாள். அந்தத் தட்டுக்கும் அந்தப் பொங்கலுக்கும் நடுவில் இரண்டாயிரத்து இருநூற்று அறுபத்தைந்து நாள். பொங்கலிலிருந்து அதே அளவு எண்ணினால் இந்த மார்ச், இருபத்தேழாம் தேதி, இரண்டு நாள் முன்னே பின்னே. முந்தாநாள் இருபத்தேழு, மேகம் கூடுவதற்கு முன்னால் பார்த்துவிட்டாள், மங்கவில்லை. நேற்று மேகம். இன்று இருபத்தொன்பது. வீட்டுக்காரர் தினமும் காலையில் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்பார், இன்னா, உன் ஆளு மங்குனாரா இல்லியா என்று, கிண்டல்தான், ஆனால் நேற்று மேகம் என்று சொன்னபோது தோல் ஷாப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனிதர் ஒரு நிமிடம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்றைக்கு மங்கியிருந்தால் அவள் சொன்னது சரி. மங்காவிட்டால் கதை முடிந்தது. பார்க்கவே முடியாமல் போனால், அதுதான் எல்லாவற்றிலும் மோசம், இன்னொரு ஆறு வருடம், சரியா தப்பா என்று தெரியாமலே கண்ணாடி முன் நிற்க வேண்டும். ஆறு இருபத்தெட்டு. சூரியன் போயாயிற்று. மேற்கே கரட்டுக்கு மேல் ஒரு மெல்லிய மேகத் துண்டு, கழுவாத தட்டில் ஒட்டிய மாவுபோல. நகரு. நீ மட்டும் நகர்ந்துவிடு, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இன்னொரு சங்கடமும் இருந்தது, அதை நினைத்தால் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நட்சத்திரம் அத்தனை தாழ்வில் இருப்பதால் தொலைநோக்கியை மூடியிருக்கிற டோமின் கீழ்க் கதவையும் இறக்க வேண்டும். அதற்கு மோட்டார் கிடையாது, மேலே போய்ச் சங்கிலியைக் கையால் இழுக்க வேண்டும். வழக்கமாக ஏகாம்பரம் இழுப்பான். இன்று அவன் மகளுக்குக் காதுகுத்து, லீவு, சுண்டல் கொண்டுவருகிறேன் யக்கா என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் நாற்காலியை விட்டு எழுந்தால் தொலைநோக்கியைப் பிடிக்க ஆள் இல்லை. ஆகவே ஒன்பது நிமிடத்தைக் கேட்டால் போதாது. ஒதுக்கீட்டுக் குழு உறுப்பினரை, முனைவரை, எழுந்து போய்ச் சங்கிலி இழுங்கள் என்றும் சொல்ல வேண்டும். ஆறு முப்பத்துமூன்று. தலைக்கு மேலே வெற்று வானத்துக்குத் தொலைநோக்கியைத் திருப்பினாள். நீல வடிகட்டி, முதல் ஃப்ளாட். “பிரமாதம்,” என்றார் பின்னாலிருந்து. இரண்டாவது. மூன்றாவது. திரையில் வெறும் சாம்பல் வெளிச்சம் வந்து வந்து போயிற்று. ஒவ்வொரு படத்துக்கும் கரட்டை நோக்கி ஒரு துளி இறங்கிக்கொண்டிருக்கும் அவளுடைய நட்சத்திரம். கை அடுத்த வடிகட்டிக்குப் போய்ப் பொத்தான்மேல் நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. ஏதோ ஒரு குரல் பேசுவது கேட்டது, அது தன்னுடையதுதான் என்று கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. “சார், எனக்கு ஒம்போது நிமிஷம் வேணும்.”

காபிக் கோப்பை மேசைமேல் வைக்கப்படுவது கேட்டது. “எதுக்கு?” “என் நட்சத்திரத்துக்கு சார். ஆறு நாப்பத்தேழுக்கு எறங்கிடும். நாளைக்குக் கண்ணாடி கழட்டறாங்க.” அவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். “அதேதானா? எனக்க ரெண்டு மணி நேரத்தத் தின்னதே, அதுவா?” அவள் முகம் கொதித்தது. “அதே நட்சத்திரந்தான் சார். அந்த ரெண்டு மணி நேரத்த நான் ஒருநாளும் மறக்கல.” “ஃப்ளாட் இல்லாம இந்த ராத்திரி எனக்கு எதுக்கும்மா? விடியக்காலைல எடுக்கலாம், ஆனா மூடுபனி வந்துட்டா?” மூடுபனிக்கு யார் ஜவாப்தாரி. அவர் கடிகாரத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், திடீரென்று பரீட்சை ஹாலில் கேட்பதுபோலக் கேட்டார். “துணை எத்தனை வச்சிருக்க?” “மூணு. பழையத எடுத்துட்டேன்.” “எவ்வளவு குறையணும்?” “நூத்துக்குப் பதினெட்டு.” “எப்போ?” “முந்தாநாள்லேருந்து மூணு நாளுக்குள்ள. இன்னைக்கும் கொறையலன்னா இனிமே என் மனு உங்க மேசைக்கு வராது சார்.” அவர் புருவத்தைத் தூக்கினார். “இத்தனை சுத்தமா, தேதி போட்டு, அளவு போட்டுச் சொல்லுதியே. இத மனுவிலயே எழுதியிருக்கலாமே.” நவநீதம் திரும்பி அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். “எழுதியிருந்தேன் சார். மூணு தடவையும். ரெண்டாம் பக்கத்துல.”

மனுவின் முதல் பக்கத்தில் பெயர், பதவி, படிப்பு என்று மூன்று கட்டம் இருக்கும். இயக்குபவர், பி.எஸ்ஸி. என்று பார்த்ததும் புரட்டத் தோன்றாது, அது அவளுக்கு எப்போதோ தெரியும், இப்போது அவருக்கும் தெரிந்துவிட்டது. நெற்றியை ஒருமுறை தேய்த்துவிட்டுக்கொண்டார். பிறகு எழுந்தார். கோட்டை எடுத்துக்கொண்டு அன்றைக்குப்போல வெளியே போய் நிற்கப்போகிறார் என்று நினைத்தாள். “சங்கிலி எந்தப் பக்கம் கெடக்கு?” என்றார். “படியேறினா இடது கைப் பக்கம் சார். முடிச்சு போட்டிருக்கும், அவுத்துட்டு இழுங்க, விட்டு விட்டு இழுங்க, ஒரேயடியா இழுத்தா சிக்கிக்கும்.” சொல்லி முடிப்பதற்குள் படியில் அவர் செருப்புச் சத்தம். ஆறு முப்பத்தெட்டு. கை தானாக ஓடியது. தொலைநோக்கி அசைந்தது, தலைக்கு மேலிருந்து மேற்கே சரிந்தது, டோம் முனகிக்கொண்டே கூடத் திரும்பியது, இத்தனை வருடம் எத்தனையோ பேருக்காகத் திரும்பியதே, வா, இந்தத் தடவை எனக்காக. மேலே சங்கிலி கடகடவென்று இறங்கியது, நின்றது, மறுபடி கடகட. “இன்னும் வேணுமா?” என்று மேலிருந்து முனைவர் கத்தினார். “இன்னும் ரெண்டு முழம் சார்!” என்று இவள் கத்தினாள், குழு உறுப்பினரைப் பார்த்துக் கத்துகிறோமே என்ற நினைப்பே அப்போது வரவில்லை.

முதல் படம். சாம்பல் வானத்தில் ஒன்றும் இல்லை. மேகமா, இல்லை வெளிச்சமா, இல்லை தவறான இடமா. கொஞ்சம் கிழக்கே நகர்த்தினாள். இரண்டாவது படத்தில் நாலு புள்ளி இருந்தன. தெரிந்த முகங்கள். மூத்தவள், நடுவுள்ளவள், இளையவள், அந்த மூன்று துணைக்கும் அவள் வைத்த பெயர். நடுவில் அது. ஆறு நாற்பத்தொன்று. மூத்தவளை நூறு என்று வைத்தால் அது எப்போதும் நூற்றிருபத்துநாலு. நானூற்றுப் பன்னிரண்டு அந்தியில் நூற்றிருபத்துநாலு, ஒரு தடவை நூற்றிருபத்தைந்து, அன்றைக்குத் தும்மியிருப்பாள். புள்ளியைச் சுற்றி வட்டம் போட்டாள், வட்டம் பக்கத்தில் விழுந்தது, மறுபடி போட்டாள். எண் வந்தது. நூற்றுமூன்று. அவள் அதை நம்பவில்லை. நம்பி ஒருமுறை பட்டது போதாதா. யாருக்கு மங்கல், உனக்கா, இல்லை மூத்தவளே உனக்கு ஏற்றமா, இந்த வயதில் நீயும் கள்ளியாகிவிட்டாயா. மூத்தவளை நடுவுள்ளவளோடு ஒப்பிட்டாள், அசையவில்லை. நடுவுள்ளவளை இளையவளோடு, அசையவில்லை. மூன்று பேரும் முந்தாநாள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அடுத்த படம். நூற்றிரண்டு. அடுத்தது. நூற்றுமூன்று. மேகம் வந்து மறைத்தால் நாலும் சேர்ந்துதானே மங்கும். அடுத்தது நூற்றிரண்டு. பக்கத்தில் மூச்சு வாங்கும் சத்தம், அருமைநாயகம் எப்போது இறங்கி வந்தாரோ, கையெல்லாம் கிரீஸ், நெற்றியில் ஒரு கோடு கிரீஸ். “நில்லு, நான் வட்டம் போடுதேன்,” என்று மவுஸை வாங்கினார். தன் கையால், தன் அளவில், வேறு வட்டம் போட்டார், வானத்தின் வெளிச்சத்தை வேறு இடத்திலிருந்து கழித்தார், மூன்று துணையையும் ஒன்றோடொன்று மோதவிட்டார், அவள் இத்தனை வருடம் தனியாகச் செய்த சந்தேகத்தையெல்லாம் அவரும் அடுக்கடுக்காகச் செய்தார். நூற்றிரண்டு வந்தது. அவர் காகிதத்தில் வகுத்துப் பார்த்தார். “பதினேழே முக்கால்,” என்றார். பிறகு மெதுவாக, யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல, “பதினெட்டுன்னே வச்சுக்கலாம்.”

ஆறு நாற்பத்தேழுக்குக் கரட்டின் மரங்கள் படத்துக்குள் கறுப்பாக ஏறின, நாலு புள்ளியும் ஒவ்வொன்றாக இறங்கின. போ, போய்விட்டு வா, நீ மங்கிய சேதி இனிமேல் உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ரகசியம் இல்லை. ஆறு ஊர் என்ன, அறுபது ஊருக்கும் இன்றைக்குச் செய்தி போகும், அவசரப்பட்டு யாரும் தொலைநோக்கியைத் திருப்ப வேண்டாம், எண்கள் இதோ, துணைகள் இதோ, ஆற அமரப் பாருங்கள் என்று போகும். ரெண்டாயிரத்து இருநூற்று அறுபத்தைந்து. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். சந்தோஷம் அவளுக்கு வயிற்றிலிருந்து கிளம்பியது, சிரிப்பாக வரவில்லை, விக்கலாக வந்தது, ஒன்று, இரண்டு, மூன்று. அருமைநாயகம் ஃபிளாஸ்கிலிருந்த தண்ணீரை நீட்டினார், அது தண்ணீர் இல்லை, காபி, சூடு, நாக்கு பொரிந்தது, அதுவும் நன்றாகவே இருந்தது. சட்டென்று வேலை நினைவு வந்தது. “சார், உங்க ஃப்ளாட்! வானம் இன்னும் செத்துப்போகல, வெளிச்ச நேரத்தக் கூட்டி வச்சா செவப்புக்கு ரெண்டு தேறும்!” “எடும்மா, எடு,” என்றார், ஆனால் அவருடைய கண் இன்னும் காகிதத்தில்தான் இருந்தது. தொலைநோக்கியைத் தலைக்கு மேலே ஏற்றினாள். சிவப்பு, ஒன்று. சிவப்பு, இரண்டு. மூன்றாவதில் நட்சத்திரங்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டன, நிறுத்தினாள். மீதி விடியற்காலையில். மூடுபனி வராது. எப்படித் தெரியும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, இன்றைக்கு அவள் பேச்சை வானம் கேட்கிறது, அவ்வளவுதான்.

மேசை ஓரத்தில் பதிவேடு திறந்து கிடந்தது. யார் எந்த நேரத்தில் எதைப் பார்த்தார்கள் என்று வரிக்கு வரி எழுத வேண்டும், எழுதாமல் அடுத்த வேலையைத் தொடக்கூடாது என்பது இந்த மலையின் சட்டம். நோக்குநர் என்று ஒரு கட்டம், உதவியாளர் என்று ஒரு கட்டம். உதவியாளர் கட்டத்தில் அவள் பெயர் பத்தொன்பது வருடமாக, எத்தனை பதிவேடு, எத்தனை பேனா, கை தானாகவே அங்கேதான் போகும். மீதமான அந்திகளைக்கூடச் சோதனை என்றுதான் எழுதியிருக்கிறாள், நோக்குநர் கட்டத்தில் ஒரு கோடு. இப்போதும் பேனா பழக்கத்தில் வலது கட்டத்துக்குப் போயிற்று. நவநீதம் அதைப் பிடித்து இழுத்து இடது கட்டத்துக்குக் கொண்டுவந்தாள். மார்ச் இருபத்தொன்பது, ஆறு முப்பத்தெட்டு முதல் ஆறு நாற்பத்தேழு வரை. நோக்குநர்: பெ. நவநீதம். எழுத்து கொஞ்சம் பெரிதாகவே விழுந்துவிட்டது, கட்டத்தைத் தாண்டி வெளியே நின்றது, நிற்கட்டும். அருமைநாயகம் எட்டிப் பார்த்தார். “பக்கத்துக் கட்டம் காலியா கெடக்கே,” என்றார். அவள் பேனாவைத் திருப்பி, பிடியை அவர் பக்கமாக நீட்டினாள். “நீங்கதான சார் சங்கிலி இழுத்தீங்க.” அவர் ஒரு கணம் விழித்தார், பிறகு அந்த அறை அதிரும்படி சிரித்தார், கிரீஸ் கையை வேட்டியில் துடைப்பதுபோலப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு குனிந்து எழுதினார். அவள் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அ.நா. என்று சுருக்கிவிடுவார் என்று நினைத்தாள். அவர் முழுப்பெயரையும் எழுதினார்.